செய்திப் படங்களில் நிற்பவர்களுக்குப் பெயர் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முதியோர் இல்லச் செவிலியர்,
மேயோ கவுண்டி, அயர்லாந்து.

பெறுநர்:
மாண்புமிகு பண்பாட்டுத் துறை அமைச்சர் அவர்கள்,
அயர்லாந்து அரசு, டப்ளின்.

பொருள்: பழைய செய்திப் படங்களில் உள்ள பொதுமக்களை, அவர்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அடையாளம் கண்டு பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே செவிலியராக வேலை செய்கிறேன். மனதில் உள்ளதை முழுதாகச் சொல்லத் தாய்மொழிதான் கைகொடுக்கிறது. ஆங்கிலப் பிரதியை இணைத்துள்ளேன்.

மாலையில் எங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்குப் பழைய செய்திப் படங்களைப் போட்டுக் காட்டுவேன். ஐரிஷ் மொழியை வளர்க்கும் கேல் லின் அமைப்பு 1956 முதல் 1964 வரை ஐரிஷ் மொழி வர்ணனையோடு திரையரங்குகளுக்குத் தந்த 'அவர்க் ஏரன்' படங்கள் என்றால் அவர்களுக்கு உயிர். சென்ற குளிர்காலத்தில் ஒரு மாட்டுச் சந்தைக் காட்சி ஓடியபோது, 86 வயதுப் பாட்டி ஒருவர் படத்தை நிறுத்தச் சொன்னார். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தவர் அவருடைய பெரியப்பாவாம். பெயர், ஊர், அன்று அந்தக் கன்று விலை போகாமல் வீட்டுக்கே திரும்பி வந்தது எல்லாம் சொன்னார். பணிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மூன்று வாரத்தில் பாட்டி இறந்துவிட்டார். அந்த முகத்தை அடையாளம் சொல்ல இனி யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

தலைவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 1917 செப்டம்பரில் ஐரிஷ் விடுதலைப் போராளி தாமஸ் ஆஷின் இறுதி ஊர்வலத்தை நார்மன் விட்டனின் 'ஐரிஷ் ஈவென்ட்ஸ்' என்ற செய்திப் படத் தொடர் படம் பிடித்தது. 1922இல் விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் இறுதி ஊர்வலமும் 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் வருகையும் படங்களில் இருக்கின்றன. அவற்றில் முன்வரிசையில் இருப்பவர் யார் என்று புத்தகமே சொல்லிவிடும். பின்னால் நிற்கும் கூட்டத்தை அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் சொல்ல முடியும்.

1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்ததில், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. முன்னோரைத் தேடுபவர்கள் இன்றும் அந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். ஐரிஷ் திரைப்படக் காப்பகம் படச்சுருள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் 1956இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது.

ஆகவே, படங்களை ஊர்வாரியாகப் பிரித்து, அந்தந்தக் கவுண்டியின் முதியோர் இல்லங்களிலும் பங்குக் கோயில் மண்டபங்களிலும் திரையிட வேண்டுகிறேன். அவர்கள் சொல்வதைச் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, காப்பகக் குறிப்பில் சேர்க்க வேண்டும். வர்ணனையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தந்தால் நல்லது, இங்கே பாதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது. மறதி நோய் உள்ளவர்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவர், அறுபது வருடத்துக்கு முந்தைய பக்கத்து வீட்டுக்காரரைச் சட்டென்று சொல்வதை நான் தினமும் பார்க்கிறேன்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன் ஒரு கவுண்டியிலாவது தொடங்குங்கள். மேயோ என்றால், வேலை முடிந்த நேரத்தில் கூட உட்கார்ந்து எழுத நானும் உடன் வேலை செய்பவர்களும் தயார். பாட்டியின் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அவர் சொன்ன விவரங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: ஆங்கிலப் பிரதி, குறிப்பேட்டுப் பக்கத்தின் நகல்.