மாப்பிள்ளைகிட்ட சொல்லாம விட்டது

கண்ணு,

நேத்து வீடியோ கால்ல மாப்பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, அதான் நான் வாயைத் திறக்கல. நீங்க வாங்கப் போற கேம்பிங் ட்ரெய்லரை, அதான் உள்ளயே படுத்துத் தூங்கற அந்தப் பெட்டி வண்டிய, இழுக்கறதுக்குன்னு அவரு ஆசை ஆசையா அந்த ஹைப்ரிட் எஸ்யூவி கலரெல்லாம் காட்டிட்டு இருக்கறப்போ இந்தக் கிழவன் குறுக்க பூந்து இது வேண்டாம்னா மாமனார் அதிகப்பிரசங்கித்தனம் பண்றாருன்னு ஆயிடும். உனக்கு எழுதறேன், நீ பக்குவமா எடுத்துச் சொல்லு, நான் சொன்னதா சொல்ல வேண்டாம்.

ஷோரூம்காரன் என்ன சொன்னான்? ட்ரெய்லர் 2,950 பவுண்டு, வண்டி 3,500 இழுக்கும், இன்னும் 550 மிச்சம் இருக்குன்னான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 2,950ங்கறது ட்ரை வெயிட்டு, அதாவது கம்பெனிய விட்டு வெளிய வர்றப்போ காலி டப்பாவா இருக்கற எடை. தண்ணி டேங்க் 30 கேலன்னு போட்டிருக்கே, ஒரு கேலன் தண்ணி எட்டே கால் பவுண்டுக்கு மேல, ரொப்புனா அதுவே 250. ரெண்டு கேஸ் சிலிண்டர் ஒரு 75, பேட்டரி 50. இப்பவே 3,300 தாண்டியாச்சு, இன்னும் ஒரு தட்டு டம்ளர் கூட உள்ள வைக்கல. மெத்தை, போர்வை, மடக்கு நாற்காலி, நீ விடாம தூக்கிட்டுப் போற இட்லி குண்டான், இதெல்லாம் காத்துலயா மிதக்கும்? ட்ரெய்லர்லயே ஒட்டியிருக்கற பட்டியல்ல ஜிவிடபிள்யூஆர் 3,800னு இருக்கு பாரு, அதான் முழு லோடோட எடை, கணக்கு அதை வச்சுத்தான் போடணும். நம்ம ஊர்ல லாரிக்கு ஆர்சி புக்குல ரெண்டு எடை போட்டிருக்குமே, காலி எடை, மொத்த எடைன்னு, அதே கதைதான். காலி எடையைப் பார்த்து எவனாவது லோடு பேசுவானா?

இதுகூடப் பரவால்ல, இதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு, அதை ஷோரூம்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும்ல, ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு. நீ அனுப்புன போட்டோவுல 1,290னு இருக்கு. அந்த 1,290க்குள்ளதான் ட்ரெய்லரோட முன்பாரமும் வருது. அங்க அதை டங் வெயிட்டுங்கறாங்க. உங்க தாத்தா மாட்டு வண்டி பூட்டுறப்போ பாத்திருப்பியே, மூட்டை அடுக்கிட்டு நுகத்தடிய ஒரு கையால தூக்கிப் பார்ப்பாரு, முன்பாரம் ஜாஸ்தின்னா மாட்டுக் கழுத்து நோகும், பின்பாரமா போச்சுன்னா நுகம் மேல தூக்கிக்கும், வண்டி குடை சாயும். ட்ரெய்லரும் அதேதான். மொத்த எடையில நூத்துக்குப் பத்துல இருந்து பதினஞ்சு வரைக்கும் முன்னாடி ஹிட்ச் மேல, அதான் காரோட பின்னாடி ட்ரெய்லரை மாட்டற கொக்கி மேல, உக்காரணும். பத்துக்குக் கீழ போனா ரோட்டுல வால் ஆட்ட ஆரம்பிக்கும், பக்கத்துல ஒரு பெரிய ட்ரக் கடந்து போனாப் போதும், முன்னாடி வண்டியையும் சேர்த்து உலுக்கிடும்.

இப்ப கணக்கு பாரு. 3,800க்கு பன்னெண்டரைன்னு வச்சா 475 பவுண்டு. நீ, மாப்பிள்ளை, ரெண்டு வாண்டு, சேர்த்து 430. ஜூன்ல நாங்க வந்தா நானும் உங்கம்மாவும் 290 (உங்கம்மா எடைய நான் கொறச்சுத்தான் போட்டிருக்கேன்). ஆக 1,195. மிச்சம் 95 பவுண்டு, நம்ம கணக்குக்கு 43 கிலோ. அதுல ஹிட்ச் இரும்பு, ஸ்ட்ரோலர், ஐஸ் பெட்டி, உங்கம்மா சூட்கேஸு. வண்டி இழுக்கறதுக்கு முன்னாடியே சுமக்க முடியாம உக்காந்துடும் கண்ணு.

வேற சில எஸ்யூவிக்கு 5,000 பவுண்டு இழுக்கும்னு கம்பெனிக்காரங்க போடற நம்பரும் பொய் இல்ல, ஆனா அது எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். ஜே2807னு ஒரு டெஸ்ட் வச்சிருக்காங்க, அரிசோனாவுல டேவிஸ் டாம் ஏத்தம்னு 11 மைல் சொச்சம், ஏசிய முழுசா போட்டுக்கிட்டு, வேகம் 40 மைலுக்குக் கீழ போகாம ஏறணும். கஷ்டமான டெஸ்ட்தான். ஆனா வண்டிக்குள்ள ரெண்டே ஆளு, ஆளுக்கு 150 பவுண்டுன்னு கணக்கு. ஆறு பேரு, ஒரு மூட்டை அரிசின்னு எவனும் டெஸ்ட் பண்ணல.

அப்புறம் நீங்க இருக்கறது டென்வர். போன தடவை வந்தப்போ ஐ-70ல ஐசனோவர் டனல் வழியா கூட்டிட்டுப் போனீங்களே, அது 11,158 அடி. நம்ம தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான். மேல போகப் போக காத்து மெலிசாயிடும், அதனால டர்போ (காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ற சாமான்) இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு ஆயிரம் அடிக்கு நூத்துக்கு மூணு வீதம் பவர் கொறையும்னு வச்சுக்கோ, அந்த டனல் வாசல்ல மூணுல ஒரு பங்கு போயிருக்கும். டர்போன்னா அந்த அளவுக்கு விழாது. அதனால ஹோண்டா பைலட்டா டொயோட்டா ஹைலேண்டரான்னு நீ கேட்டதுக்கு, பைலட் இன்ஜின் பெருசுதான், ஆனா டர்போ கெடையாது, அதுவும் ஆல் வீல் டிரைவ் எடுத்தாத்தான் 5,000, இல்லாட்டி 3,500. ஹைலேண்டர் பெட்ரோல் இப்ப டர்போ, 5,000 இழுக்கும், அதே ஹைப்ரிட்னா 3,500தான். நிசான் பாத்ஃபைண்டர்ல 6,000 வரைக்கும் இருக்கு, ஆனா சில மாடல் 3,500லயே நின்னுடும், பேரை மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. ஜீப் கிராண்ட் செரோக்கியும் டாட்ஜ் டுராங்கோவும் ஆறு சிலிண்டர் வி6 இன்ஜின்லயே 6,200, டோ பேக்கேஜோட, அதான் ட்ரெய்லர் இழுக்கறதுக்கான சாமானோட வந்தா. இதுங்க ரெண்டும் பின்சக்கரத்தை அடிப்படையா வச்ச வண்டி, பழைய லாரிக்காரன் புத்தி எனக்கு அதுலதான் போகுது. பின்னாடி பாரம் உக்கார்றப்போ பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கூடத்தான் செய்யும். மைலேஜ் மைலேஜ்னு மாப்பிள்ளை சொல்றாரு, அந்தப் பெட்டிய மாட்டிட்டாலே எந்த வண்டியா இருந்தாலும் பாதியாயிடும், அவ்வளவு அகல மூஞ்சிய காத்துல தள்ளிட்டுப் போகணுமே.

ஏறுறதைப் பத்தியே எல்லாரும் பேசறாங்க, எனக்குப் பயம் இறக்கம்தான். டனல் தாண்டி சில்வர்த்தார்ன் பக்கம் இறங்கறப்போ ரோட்டோரம் மேல ஏறுற மாதிரி ஒரு மண் ரோடு இருந்துச்சே, பிரேக் போன ட்ரக் ஏத்தி நிறுத்தறதுக்குன்னு மாப்பிள்ளை சொன்னாரு, நான் அப்ப ஒண்ணும் பேசாம வெளிய பாத்துட்டே வந்தேன். ஏன்னு இப்பச் சொல்றேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடி, பெங்களூர்ல கம்பி லோடு ஏத்திட்டு தொப்பூர் கணவாய் இறங்குனேன். டீசல் மிச்சம் பிடிச்சா கையில நாலு காசு நிக்கும், எல்லாரும் பண்றதுதான், நியூட்ரல்ல விட்டுட்டேன். ரெட்டைப் பாலத்துக்கு முன்னாடியே பிரேக் லைனிங் கருகுற வாடை கேபின் பூரா அடிக்குது, மிதிக்க மிதிக்கப் பிடிமானமே இல்ல, பின்னாடி இருக்கற லோடு என்னை முதுகுல கை வச்சுத் தள்ற மாதிரி இருக்கு. மலைப்பக்கமா ஒரசி மண்ணுல ஏத்தித்தான் நிறுத்துனேன். கிளீனர் பையன் அப்படியே இறங்கி நடந்தவன்தான், அதுக்கப்புறம் எந்த வண்டியிலயும் ஏறலைன்னு கேள்விப்பட்டேன். உங்கம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் அன்னிக்கு ரேடியேட்டர் ரிப்பேர்னுதான் தெரியும், இதை அவகிட்டப் படிச்சுக் காட்டாத.

அதனால ஏறுன கியர்லயே இறங்கணும், மாப்பிள்ளைக்கு இதை மட்டும் எப்படியாவது காதுல போட்டுடு. ஆட்டோமேட்டிக்லயும் கியரைக் கொறைக்க வழி இருக்கு, டோ மோடுன்னு ஒரு பட்டனும் இருக்கும். அப்புறம் ட்ரெய்லருக்குன்னு தனி எலக்ட்ரிக் பிரேக் இருக்கு, அதை இயக்க டிரைவர் பக்கத்துல ஒரு கன்ட்ரோலர் மாட்டணும், ஏழு பின் கனெக்‌ஷன் வேணும். இந்த சைஸ் வண்டியில அதெல்லாம் பெரும்பாலும் கூடவே வராது, தனியாச் செலவு. பல ஸ்டேட்ல 3,000 பவுண்டுக்கு மேல ட்ரெய்லர் பிரேக் கட்டாயம், கட்டாயம் இல்லாட்டியும் போட்டுத்தான் ஆகணும்.

பழைய ட்ரெய்லர் பாக்கப் போறீங்கன்னா டயர் பட்டன், அதான் ரோட்டைப் பிடிக்கற மேடு பள்ளம், நல்லா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, ட்ரெய்லர் டயர் தேயறதுக்கு முன்னாடி வயசாகி வெடிக்கும். பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிச்சு எழுதியிருக்கும், கடைசி நாலு நம்பர் பாரு, 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. அப்படி இருந்தா மூணு டயர் வெலைய அவன்கிட்டயே கொறைச்சுப் பேசு. ரெண்டு டயர்தான் இருக்கும், ஸ்டெப்னியோட மூணு.

வாங்குன ஒடனே லீவு நாள்ல காலியான பார்க்கிங்கா பார்த்து ரிவர்ஸ் பழகுங்க. ஸ்டியரிங்கோட அடிப்பக்கம் கைய வச்சுக்கோ, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கைய அந்தப் பக்கம் நகத்து, மெதுவா. நான் வந்தா பின்னாடி நின்னு சைடு சொல்றேன், அந்த வேலைக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்கல்ல.

பாத்ஃபைண்டர், டுராங்கோ ரெண்டோட கதவு ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து அனுப்பு, அதுல எந்த ட்ரிம்மு, அதான் எந்த ரகம்னும் எழுது. ஃபிளாஷ் போடாத, போன தடவை பாதி நம்பர் வெள்ளையாப் போயிடுச்சு. உங்கம்மா சின்னவனுக்கு இருமல் நின்னுச்சான்னு கேக்கச் சொன்னா.

அப்பா