இலக்கிய மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே,

திருவள்ளுவர் நாளும் பாரதி நினைவு நாளும் வழக்கம்போல் நடைபெற்றன. ஐப்பசிக் கூட்டம் மழையால் கைவிடப்பட்டது. நூலகத்திற்கு ஓர் அலமாரி நன்கொடையாக வந்தது. அதன் சாவி இன்னும் வரவில்லை.

மன்றத்திற்குள் பேசியதைவிட வாசலில் அதிகமாகப் பேசப்பட்ட 'எந்தப் புலவருக்குப் புகழ் மிகை, எவருக்குக் குறை?' என்னும் தொடர் விவாதத்தைப் பற்றி விளக்கமளிப்பது என் கடமை. அது செயலாளரின் தன்னிச்சையான ஏற்பாடு என்று சொல்லப்படுகிறது. தீர்மானம் குறிப்பேட்டில் இருக்கிறது. அதை வழிமொழிந்தவரே முதல் அமர்விலேயே வெளிநடப்புச் செய்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். புலவர்களை வரிசைப்படுத்துவது அவர்களை அவமதிப்பதாகும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். கம்பன், வள்ளுவர், இளங்கோ என மூவரை முன்னிறுத்தி, அவர்களைப்போல் பூமியில் யாங்கணுமே பிறந்ததில்லை என்று பாடி, 'வெறும் புகழ்ச்சியில்லை' என்று சான்றிதழும் வழங்கிய பாரதியை அவர்கள் எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று கேட்டேன், விடை வரவில்லை.

முதல் அமர்வு கம்பரைப் பற்றியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதியை நீக்கினாலும் காப்பியம் நிற்கும் என்று இளம் உறுப்பினர் ஒருவர் வாதிட்டதும் கூச்சல் எழுந்தது. பல பாடல்கள் கம்பருடையவையே அல்ல என்று ஒதுக்கிய இலக்கியத் திறனாய்வாளர் ரசிகமணி டி.கே.சி.யைக் கம்பரின் பேரன்பராகப் போற்றுபவர்கள், அதே துணிவை இருபத்தைந்து வயதுக்காரரிடம் பொறுத்துக்கொள்ளாதது ஏன் என எனக்கு விளங்கவில்லை. கம்பரின் புகழில் பாதி, யுத்த காண்டம்வரை வராதவர்கள் கொடுத்தது என்று அந்த இளம் உறுப்பினர் முடித்தபோது, எழுந்து போனவர்கள் யார் யார் என்பதைச் சபை கவனித்தது.

அடுத்து நான் தனிப்பட்ட முறையில் உழைத்த ஒட்டக்கூத்தர் அமர்வு. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என மூன்று சோழ வேந்தர்மீதும், அரசன் வீதியில் பவனி வருவதைப் பாடும் உலா நூல்களைப் பாடியவர், போரைப் பாடும் பரணி வகையில் தக்கயாகப்பரணி தந்தவர், கம்பரைப் போலவே கவிச்சக்கரவர்த்தி என்ற பட்டம் உடையவர். அவரோ இன்று, பிழையாகப் பாடியவர்களின் தலையை வெட்டியதாகவும் புகழேந்தியோடு மல்லுக்கு நின்றதாகவும் சொல்லப்படும் கதைகளில் மட்டுமே வாழ்கிறார். 'வெண்பாவிற் புகழேந்தி' எனத் தொடங்கும் பழைய தனிப்பாடல், செய்யுள், நூல் வகைகளில் விருத்தத்தைக் கம்பருக்கும் கோவை, உலா, அந்தாதியைக் கூத்தருக்கும் வசையைக் காளமேகத்துக்கும் பிரித்துக் கொடுத்து இந்தச் சண்டையை அன்றே ஓரளவு தீர்த்துவிட்டது என்பதே என் கட்டுரையின் சாரம். பரணியை அது கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டாருக்கே தருகிறது. தக்கயாகப்பரணியை முழுதும் படித்தவன் என்ற முறையில் அதை மட்டும் நான் ஏற்கவில்லை. கட்டுரையைக் கேட்டவர்கள் முதல் வரிசையை நிரப்பவில்லை. கூத்தருக்குப் புகழ் குறைவு என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

சந்தா பற்றிச் சொல்லாமலிருக்க இயலாது. 'பாரதி மகாகவியா?' அமர்வில் மேசையைத் தட்டி 'ஆம்' என்றவர்களில் பெரும்பாலோர் இரண்டாண்டுகளாகச் சந்தா செலுத்தவில்லை. 1930களில் பாரதியை மகாகவி என்பதை மறுத்து எழுதிய கல்கிதான், பின்னர் வாசகர்களிடம் நிதி திரட்டி, 1947இல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட முன்னின்றார். மறுத்தவர் மண்டபம் எழுப்பினார். ஏற்றவர்கள் நம் நாற்காலி வாடகைக்குக்கூட வழி செய்யவில்லை.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவுக்குச் சற்று மேலாகச் செலவு இருந்தது. இடைவெளியைப் பொருளாளர் தற்காலிகமாக ஈடுசெய்துள்ளார். விவரம் கேட்பவர்கள் அவரை அணுகலாம். அரங்கம் தந்த பள்ளி நிர்வாகத்தினருக்கும் ஒலிபெருக்கி உதவியவருக்கும் தேநீர் வழங்கிய அன்பர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இளங்கோவை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். எந்தப் புலவரையும் மிகையாகப் போற்றப்பட்டவர் என்று சொல்ல விரும்புவோர் முதலில் அவருடைய பத்துப் பாடல்களை வாசித்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்ற விதியையும் முன்மொழிகிறேன். இப்பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். நான்கு ஆண்டுகளாக இதையே சொல்லி வருகிறேன். இரசீதுப் புத்தகம் கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும். வெளிநடப்புச் செய்பவர்களும் அவ்வழியாகத்தான் செல்ல வேண்டும்.