டிரைவ்-இன் வான்சாகசக் காட்சி: கட்டணமும் கண்ணுக்குக் கிடைத்ததும் பற்றிய புகார்

அனுப்புநர்: ஸ்காபுறோவிலிருந்து மூன்று வாகனங்களில் வந்த வாடிக்கையாளர்கள் (சீட்டு இலக்கங்கள் இணைப்பில்)

பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வாகனச் சீட்டின் விலை நிர்ணயம், வலயப் பிரிப்பு, மறைந்த கட்டணங்கள். 242.72 டொலர் மீளளிப்புக் கோரிக்கை

ஐயா / அம்மணி,

வாகனத்தை நிறுத்தி அங்கிருந்தே விமானங்களைப் பார்க்கும் உங்கள் டிரைவ்-இன் காட்சிக்கு இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் தமிழிலேயே விளம்பரம் செய்திருந்தீர்கள். ஆகவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறோம். விளம்பரத்தை மொழிபெயர்த்தவர் இதையும் வாசித்துச் சொல்வார் என்று நம்புகிறோம்.

முதலில் விலை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது "ஒரு வாகனம் 149 டொலர்". கடனட்டை இலக்கத்தைக் கொடுத்த பிறகு வந்த பக்கத்தில்தான் சேவைக் கட்டணம் 12 டொலர், மைதானக் கட்டணம் 6 டொலர் என்பவை தலைகாட்டின. மூன்றும் சேர்ந்து 167. அதன்மேல் 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி. கையிலிருந்து போனது 188.71 டொலர். முன்வலயச் சீட்டு 239 என்று போட்டிருந்தது 290.41 ஆனது. வரி எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அதைப் பற்றிப் பேச்சில்லை. அந்த 18 டொலரைப் பற்றித்தான் பேச்சு. யாராலும் தவிர்க்க முடியாத கட்டணம் விலையின் ஒரு பகுதி. அதை முதல் பக்கத்திலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். ஒன்ராறியோவின் 2017ஆம் ஆண்டுச் சீட்டு விற்பனைச் சட்டம் மொத்த விலையைக் காட்டச் சொல்கிறது. மத்திய அரசின் போட்டிச் சட்டத்திலும், இப்படிச் சொட்டுச் சொட்டாக விலையைக் கூட்டுவது ஏமாற்று என்று 2022இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். இணையத்தில் படச்சீட்டு வாங்குவோரிடம் 1.50 டொலர் முன்பதிவுக் கட்டணத்தை இதேபோல் பின்னால் சேர்த்ததற்காக 2024இல் சினிப்ளெக்ஸ் நிறுவனத்துக்குப் போட்டித் தீர்ப்பாயம் விதித்த தண்டம் 3 கோடியே 89 இலட்சம் டொலர். உங்களுடையது ஒன்றரை டொலர் அல்ல, பதினெட்டு.

அடுத்தது, "வாகனம்" என்ற சொல். தமிழ் விளம்பரத்தில் "வாகனம் நிறையக் குடும்பத்தோடு வாருங்கள்" என்று இருந்தது. ஆங்கில வலைத்தளத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஐந்து பேர் வரைதான். ஆறாமவருக்கும் ஏழாமவருக்கும் வாசலில் தலைக்கு 25 டொலர். ஏழு இருக்கை உள்ள வண்டியில் ஏழு பேர் வந்தால் 50 டொலர் மேலதிகம். ஏழு பேரும் அமர்வது ஒரு வாகனத்துக்கு ஒதுக்கிய அதே 20 அடிக்கு 20 அடிக் கட்டத்துக்குள்தான். உங்களுக்கு ஓர் அங்குல நிலம்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. இன்னொரு பக்கம், இரண்டு பேர் மட்டும் வந்தால் தலைக்கு 94.36 டொலர், ஐந்து பேர் வந்தால் 37.74. இடத்துக்கு விலை என்றால் தலையை எண்ணக்கூடாது. தலைக்கு விலை என்றால் இருவர் வரும் வாகனத்துக்குத் தனி விலை வேண்டும். இரண்டிலும் உங்களுக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் எங்கள் முக்கியமான குறை இவை இரண்டும் அல்ல. டிரைவ்-இன் காட்சியில் ஒருவர் வாங்குவது வாகனம் நிறுத்தும் தரை அல்ல. அந்தத் தரையிலிருந்து தெரியும் ஆகாயம். உங்கள் விலைப்பட்டியல் தரையை மட்டுமே அளந்திருக்கிறது.

நீங்கள் வெளியிட்ட வரைபடத்தின்படி மைதானத்தில் 10 வரிசை, ஒவ்வொன்றிலும் 120 கட்டம், ஆக 1,200 வாகனங்கள். ஒரு கட்டத்தின் அகலம் 20 அடி என்பதால் ஒரு வரிசையின் நீளம் 2,400 அடி. இடைவழிகளையும் சேர்த்தால் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் இடையில் ஏறத்தாழ 300 அடி. முதல் மூன்று வரிசைகள் முழுவதும் "முன்வலயம்", 90 டொலர் கூட.

விமானங்கள் பார்வையாளருக்கு எவ்வளவு கிட்ட வரலாம் என்பது விதிப்படி முடிவாகும் விடயம். வட அமெரிக்காவில் வேகமான ஜெற் விமானங்களின் பறப்புக் கோடு பார்வையாளர் எல்லையிலிருந்து 1,500 அடி. நடுத்தர வேகத்துக்கு 1,000 அடி. மெதுவான சிறு விமானங்களுக்கு 500 அடி. எதிரெதிரே வந்து குறுக்கிடுவது, செங்குத்தாக ஏறுவது, இதய வடிவம் வரைவது எல்லாம் அந்தக் கோட்டின் நடுப்புள்ளியைச் சுற்றியே அமைக்கப்படும். அப்படியென்றால் நல்ல இடம் என்பது நடுப்புள்ளிக்குக் கிட்டிய இடம்.

இனிக் கணக்கைப் பாருங்கள். கடைசி வரிசையில் நடுவில் நிற்பவருக்கு ஜெற் விமானத்தின் நடுப்புள்ளி 1,800 அடி தூரம். முதல் வரிசையின் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் 1,200 அடி விலகி நிற்கிறார். பாடசாலையில் படித்த செங்கோண முக்கோணத்தைப் போட்டால் அவருக்கு அது 1,920 அடி. 500 அடிக் கோட்டில் பறக்கும் சிறு விமானம் என்றால் வித்தியாசம் இன்னும் மோசம்: கடைசி வரிசை நடுவுக்கு 800 அடி, முதல் வரிசை ஓரத்துக்கு 1,300 அடி. எங்களுடைய முன்வலயச் சீட்டு முதல் வரிசையின் 117ஆம் கட்டம். வரியோடு 101.70 டொலர் கூடக் கொடுத்து, மலிவுச் சீட்டுக்காரரைவிடத் தள்ளி நின்றிருக்கிறோம். விமானங்கள் குறுக்கிடும் காட்சி பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுபோலத்தான் தெரியும். "மயிரிழையில் விலகின" என்ற அந்தத் திகைப்பு நடுவில் இருப்பவருக்கு மட்டும்தான்.

முதல் வரிசைக்கு ஒரு நன்மை உண்டு, மறுக்கவில்லை: முன்னால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மற்ற இரண்டு வாகனங்களும் நின்ற ஆறாம், ஏழாம் வரிசைகளின் கதை வேறு. மடிப்புக் கதிரையில் இருப்பவரின் கண்மட்டம் சுமார் 4 அடி. எஸ்.யூ.வி. அல்லது வான் வண்டியின் உயரம் சுமார் 6 அடி. அது 20 அடி முன்னால் நின்றால், 20க்கு 2 என்ற சரிவில் பார்வை மேலே போக வேண்டியிருக்கும். 1,500 அடிக்கு அப்பால் அந்தச் சரிவு 150 அடி. அதாவது தரையிலிருந்து 150 அடி உயரம் வரை நடப்பது எதுவும் கண்ணில் படாது. ஓடுபாதையில் ஓடி எழும்புவது, ஓடுபாதையை ஒட்டிய தாழ்பறப்பு, தரையிறங்குவது எல்லாம் அதற்குள்தான் அடக்கம். கட்டத்தில் இடப்பாதி வாகனத்துக்கு, வலப்பாதி அமர்வதற்கு என்று பிரித்திருந்ததால் நேரே ஓர் இடைவெளி இருந்தது உண்மை. ஆனால் விமானம் நேரே நிற்பதில்லையே. வாகனங்களுக்கு இடையில் மின்னி மறைந்தது. எங்கள் பேச்சில் வான் என்றால் ஆகாயமும்தான், ஏழு பேர் ஏறும் வண்டியும்தான். வானைப் பார்க்க வந்தோம், முன்னால் நின்ற வானைத்தான் பார்த்தோம்.

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டிரைவ்-இன் திரையரங்குகளில் நெடுங்காலமாகச் செய்வதுதான்: வாசலிலேயே உயரம் பார்த்துப் பிரித்து, தாழ்ந்த கார்களை முன்னாலும் உயர்ந்த வண்டிகளைப் பின்னாலும் விடுவது, பின்கதவைத் திறந்து வைப்பவர் அதைக் கூரை மட்டத்துக்கு இறக்கிக் கயிற்றால் கட்டுவது. உங்கள் ஊழியர்கள் வந்த ஒழுங்கில் நிரப்பினார்கள். எங்கள் முன்னால் நின்ற இரண்டு வண்டிகளின் பின்கதவுகள் மாலைவரை ஆகாயத்தைப் பார்த்தபடி திறந்தே கிடந்தன.

"மழை வந்தாலும் காருக்குள் இருந்தே பார்க்கலாம்" என்ற வரியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். 1,500 அடி தூரத்தில் 1,500 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தைப் பார்க்க 45 பாகை நிமிர வேண்டும். எந்தக் காரின் முன்கண்ணாடியும் அந்தக் கோணத்துக்கு இடம் தராது, கூரைதான் தெரியும். திரைப்படத்துக்குப் பொருந்துவது விமானத்துக்குப் பொருந்தாது.

காலநிலைக்கு உங்களைக் குறை சொல்ல வரவில்லை. முகில் தாழ்ந்தால் காட்சி சுருங்கும் என்பது இத்துறையில் எழுதி வைத்த நடைமுறை. அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் அணி முழுக் காட்சிக்கு முகில்மட்டம் 8,000 அடியாவது இருக்க வேண்டும் என்கிறது. 3,500க்கு மேல் என்றால் தாழ்ந்த காட்சி, 1,500க்கு மேல் என்றால் மட்டக் காட்சி, அதாவது பெரிய சுருள்கள் இல்லாமல் கிடையாகப் பறப்பது. நீங்களும் உங்களிடம் பறந்த அணிகளின் அளவுகளை வாங்கி, சீட்டு விற்கும் பக்கத்திலேயே போடலாம். அன்று முகில் தாழ்ந்திருந்தது. பெரிய சுருள்கள் ஒன்றும் இல்லாமல் மட்டக் காட்சிதான் நடந்தது. சுவரொட்டியிலோ புகைக்கோடு இழுத்துச் செங்குத்தாக ஏறும் படம். "மழையானாலும் வெயிலானாலும் பணம் திரும்பாது" என்று ஒற்றை வரியில் முடிப்பதைவிட, அறிவித்த பறப்பு நேரத்தில் பாதிக்குக் குறைவாகப் பறந்தால் அடுத்த நாளுக்கோ அடுத்த ஆண்டுக்கோ அரைவிலைச் சீட்டு என்று ஒரு வரம்பு வைப்பது நேர்மை. நான்கு மணிநேரக் காட்சி என்று அறிவித்தீர்கள். நாங்கள் எழுதி வைத்த நேரங்களைக் கூட்டினால் வானில் ஏதாவது பறந்தது 118 நிமிடம். மீதி நேரம் விளம்பர ஒலிபரப்பு.

அந்த ஒலிபரப்பும் சரியாகக் கேட்கவில்லை. வர்ணனைக்கான எஃப்.எம். அலைவரிசை சீட்டில் இல்லை. வாசலில் ஒரு பலகையில் மட்டும். தவறவிட்டவர்களைச் செயலியில் கேட்கச் சொன்னார்கள். செயலி 20 விநாடி பிந்தியது. 400 நொட் (மணிக்கு ஏறத்தாழ 740 கிலோமீற்றர்) வேகத்தில் வரும் ஜெற் விமானம் 20 விநாடியில் 4 கிலோமீற்றர் கடந்துவிடும்; "இதோ இடப்பக்கமிருந்து" என்று அறிவிப்பாளர் சொல்லும்போது அது வலப்பக்கத்தால் போய் மறைந்திருந்தது. காரின் வானொலியைப் போட்டவர்களுக்கு வேறு தொல்லை: இயந்திரத்தை ஓடவிடக் கூடாது என்று ஊழியர்கள் சொல்ல, பல புதிய கார்கள் சிறிது நேரத்தில் வானொலியைத் தாமாகவே அணைத்துவிடும், திரும்பத் திரும்பப் போட்டால் பற்றரி இறங்கும். எங்கள் கார் ஒன்றுக்கு இணைப்புக் கம்பி போட்டுக் கிளப்பிவிட உங்கள் ஒப்பந்தக்காரர் வாங்கியது 30 டொலர். "பற்றரியில் ஓடும் சிறு வானொலி ஒன்று கொண்டுவாருங்கள்" என்று சீட்டில் ஒரு வரி அச்சடித்திருந்தால் இந்தச் செலவே இல்லை.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: விளம்பரத்தில் "சாப்பிட்டுக்கொண்டே ரசியுங்கள்", வாசலில் "வெளி உணவுக்கு அனுமதி இல்லை". றோல்ஸ் பெட்டியைக் காரின் பின்புறம் பூட்டி வைத்துவிட்டு 14 டொலருக்கு ஹொட்டோக் வாங்கச் சொல்வது டிரைவ்-இன்னின் இருக்கும் ஒரே சுகத்தையும் பிடுங்குவது.

வெளியேற 2 மணி 10 நிமிடம் ஆனது. இதுவும் முன்கூட்டியே கணக்குப் போடக்கூடியது. ஒரே வாசல், ஒரே தடம், பிரதான வீதியில் பொலிஸார் கைகாட்டி விடுகிறார்கள். ஒரு வாகனத்துக்கு ஆறரை விநாடி என்றால் 1,200 வாகனங்களுக்கு 130 நிமிடம். இரண்டாவது வாசலைத் திறந்தால் பாதி. ஊர்ப்பக்க வாசல் நாள் முழுவதும் பூட்டியே கிடந்தது.

2020இல் பெருந்தொற்றின்போது இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனிலும் நமது ஒன்ராறியோ லண்டனிலும் இந்த டிரைவ்-இன் முறை வந்தபோது அதற்குக் காரணம் இருந்தது; மனிதர் மனிதரை விட்டு விலகி நிற்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை. ஆகவே வாகனத்தோடு பார்ப்பது தனக்கென ஒரு பெறுமதியைக் காட்ட வேண்டும். தொழிலாளர் தின வார இறுதியில் ரொறன்ரோ ஏரிக்கரைப் பூங்காவில் பாய் விரித்து, ஒரு சதமும் கொடுக்காமல் கனேடியச் சர்வதேச வான்காட்சியைப் பார்க்கலாம் என்பது உங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முன்வலயச் சீட்டின் மேலதிகம் 101.70, மூன்று சீட்டுகளிலும் முதலில் காட்டாத கட்டணம், வரியோடு 61.02, வாசலில் வாங்கிய தலைக்கட்டணம் 50, பற்றரிக்கு 30. மொத்தம் 242.72 டொலர். நாங்கள் செலுத்திய முழுத்தொகையையும் கேட்கவில்லை. பறந்ததைப் பார்த்தோம், அதற்கான விலையைக் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டுக்கு வலயங்களை வரிசைப்படி அல்லாமல் நடுப்புள்ளியிலிருந்து வரும் தூரத்தின்படி வரையுங்கள். நடுவிலுள்ள 40 கட்டங்களுக்குக் கூடுதல் விலை வைத்தால் நாங்களே வாங்குவோம். ஓரத்திலுள்ள முதல் வரிசையை மலிவாக விடுங்கள்.

இக்கடிதம் கிடைத்து 15 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. வராவிட்டால் கடனட்டை நிறுவனத்திடம் கட்டண மறுப்பும், ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடம் முறைப்பாடும் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
மூன்று வாகனங்களின் சீட்டு உரிமையாளர்கள்

இணைப்பு: சீட்டுப் பிரதிகள் 3, கட்டணப் பக்கத்தின் திரைப்பிடிப்புகள் 2, தமிழ் விளம்பரத்தின் நறுக்கு, 117ஆம் கட்டத்திலிருந்தும் ஏழாம் வரிசையிலிருந்தும் எடுத்த ஒளிப்படங்கள், பற்றரிக் கட்டணப் பற்றுச்சீட்டு.