விட்ட இடத்திலிருந்து தொடங்க விடுங்கள்: அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். பாடநூல் உங்கள் கையில் உருவாவதால் உங்களிடமே நேராகக் கேட்கிறேன். படிப்பு நடுநடுவே விட்டுப்போன பிள்ளைகளையும் மனத்தில் வைத்து அறிவியல் பாடத்திட்டத்தை வளைந்து கொடுக்கும்படி அமையுங்கள். பாடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பாடங்களின் வரிசையும், ஒரு பாடத்துக்குள் நுழையும் வழியும், தேர்வு நடக்கும் விதமும் மாற வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே விட்டுப்போனது என்பதை முதலில் சொல்கிறேன். இந்த 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நான்காம் வகுப்புப் பிள்ளைகள். 2021 நவம்பர் 1 அன்று திரும்ப வகுப்பறைக்கு வந்தபோது ஆறாம் வகுப்பு. பின்னமும் தசமமும் மனத்தில் பதிய வேண்டிய காலம் அப்படியே கை நழுவிப் போனது. அப்புறம் எங்கள் மாவட்டத்தின் மழைக்காலம். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2020 நிவர் புயல், 2024 ஃபெஞ்சல் புயல் என்று எல்லாமே நவம்பரை ஒட்டியோ டிசம்பரிலோ வந்தவை. அந்த நாட்களில் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள், சில பள்ளிகள் நிவாரண முகாமாகிவிடும். இது போக, கரும்பு வெட்டப் போகும் பெற்றோருடன் போய்விட்டு வரும் பிள்ளைகள் உண்டு. பண்ருட்டிப் பக்கம் வீட்டில் முந்திரி உடைக்கும் வேலைக்குக் கை கொடுத்துவிட்டு வருபவர்களும் உண்டு. ஆகவே ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், விட்டுப்போன இடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு.

இதற்கு நாம் இதுவரை செய்துவந்தது, ஜூனில் கொஞ்ச நாள் புத்தாக்கப் பயிற்சி. அது முடிந்ததும் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஓட்டம். ஜூனில் சொல்லிக்கொடுத்த பின்னம் எதற்கு என்று பிள்ளைக்குத் தெரியாது. அது தேவைப்படும் பாடம் வரும்போது மறந்தே போயிருக்கும்.

குவிலென்ஸின் குவிய தூரம் காணும் செய்முறையின்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி லென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, வெளியே இருந்த வேப்பமரத்தின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் தெளிவாக விழ வைத்தாள். லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்தால் 15 செ.மீ. அதுதான் குவிய தூரம். அடுத்து மெழுகுவர்த்தியை 30 செ.மீ. தூரத்தில் வைத்தாள். பிம்பமும் 30 செ.மீ. தூரத்தில் விழுந்தது. லென்ஸ் சூத்திரத்தில் குறியீடெல்லாம் சரியாகப் போட்டு, 1/குவிய தூரம் = 1/30 + 1/30 வரை வந்துவிட்டாள். அதற்கு மேல், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/60, அதாவது 1/30 என்று எழுதி, குவிய தூரம் 30 செ.மீ. என்றாள். ஜன்னலில் 15, நோட்டில் 30. எது சரி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் லென்ஸையே பார்த்துவிட்டு, "லென்ஸ் சரியாத்தான் மிஸ் இருக்கு, என் கணக்குலதான் தப்பு" என்றாள். ஒரு தாள்பட்டையில் முப்பது சம பாகம் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒரு பாகத்தோடு இன்னொரு பாகம் சேர்ந்தால் முப்பதில் இரண்டு பாகம். அவளே 2/30 என்று திருத்தி, 1/15 ஆக்கி, 15 செ.மீ. என்று முடித்தாள்.

அவளுக்கு விட்டுப்போயிருந்தது தொடக்கப் பள்ளிப் பின்னம். அதைப் பிடித்துக்கொண்டது பத்தாம் வகுப்பு ஒளியியலில். அங்கேதான் பின்னம் அவளுக்குத் தேவைப்பட்டது. தவறு என்பதை லென்ஸே காட்டிக்கொடுத்தது. இதற்கு ஒரு முழுப் பாடவேளை ஆனது. அந்த ஒரு பாடவேளையைத் திட்டத்திலேயே ஒதுக்கித் தாருங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை. ஒவ்வோர் அலகின் தொடக்கத்திலும், இதற்குள் நுழைய என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டும். மின்னோட்டவியலுக்கு எளிய மின்சுற்றும் தசம வகுத்தலும், மோல் கணக்குக்கு அணு நிறையும் விகிதமும் என்று அதில் இருக்கட்டும். கூடவே தெரியுமா தெரியாதா என்று பார்க்க இரண்டு மூன்று சிறு வேலைகள். தெரியாத பிள்ளைக்கு அந்த அலகுக்குள்ளேயே, அந்தப் பாடத்தின் பொருள்களை வைத்தே ஓர் இணைப்புப் பகுதி.

6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளின் அடிப்படைத் திறனை மேம்படுத்த 'திறன்' திட்டம் வந்தது உண்மையில் நல்ல காரியம். ஆனால் அது தமிழ், ஆங்கிலம், கணக்கைத்தான் பார்க்கிறது. அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பத்தாம் வகுப்பையும் அதில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, பாடங்களின் வரிசை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் அலகு இயக்க விதிகள். விசை, உந்தம், திருப்புத்திறன் என்று எடுத்த எடுப்பில் சூத்திரமும் கணக்கும். கணக்கில் கை நடுங்கும் பிள்ளை, அறிவியல் நமக்கு வராது என்று ஜூன் மாதமே முடிவுகட்டிவிடுகிறது. சில அலகுகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். அணுக்களும் மூலக்கூறுகளும் புரியாமல் வேதியியலில் மேலே போவது சிரமம். சில அலகுகள் தனித்து நிற்பவை. உடல்நலம் மற்றும் நோய்கள், சுற்றுச்சூழல் மேலாண்மை, நரம்பு மண்டலம், ஹார்மோன்கள் இவற்றை எந்த மாதத்திலும் எடுக்கலாம். அப்படி ஓர் அலகோடு ஜூனைத் தொடங்கலாம். சங்கிலித் தொடராக வருபவற்றை ஜூலை முதல் செப்டம்பருக்குள் நடத்தலாம். புயல், மழை மாதங்களுக்குத் தனித்து நிற்பவற்றை வைத்துக்கொண்டால், ஒரு வாரம் பள்ளி மூடினாலும் அடுத்த பாடம் சரியாது. மழை விடுமுறை ஏதோ திடீரென்று வருவது போல ஒவ்வோர் ஆண்டும் திட்டம் போடுகிறோம். கடலூரில் அது நாட்காட்டியிலேயே உள்ள விஷயம்.

இப்படி மாற்றி நடத்த ஆசிரியருக்கு மனமிருந்தும் முடியாததற்குக் காரணம் பொது வினாத்தாள். முதல் இடைத்தேர்வுக்கு இன்ன அலகுகள் என்று வந்துவிட்டால் அதுதான் வரிசை. ஆண்டிறுதிப் பொதுத்தேர்வு எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இடைத்தேர்வுகளுக்கு மட்டும் அலகு வாரியான வினாத் தொகுப்பு தந்து, நடத்திய அலகுகளிலிருந்து பள்ளியே எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள்.

பொதுத்தேர்வைப் பற்றியும் ஒன்று. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தம் 35 எடுத்தால் தேர்ச்சி. மெல்லக் கற்போருக்கான கையேடு என்று ஒன்றைக் கொடுத்து, ஒரு மதிப்பெண் வினாக்களையும் சில படங்களையும் மனப்பாடம் செய்ய வைத்தால் இந்த 20-ஐத் தொட்டுவிடலாம். பிள்ளை தேறிவிடும், ஆனால் விட்டுப்போனது அப்படியேதான் இருக்கும். தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தில் ஒரு மாணவர் 5 ஆண்டுக்குள் 9 வாய்ப்புகளில் பாடம் பாடமாகத் தேறிச் சேர்த்துக்கொள்ளலாம். நாமும் அறிவியலை இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரித்து, தேறிய பகுதியை வரவு வைத்துக்கொள்ள விட்டால், தவறிய பிள்ளை ஜூலையில் மறுபடி முழுப் புத்தகத்தையும் தூக்க வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009, நடுவில் வந்து சேரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் தருகிறது. அந்தச் சட்டம் 14 வயது வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பாடம் கடினமாவதும் சரியாக அந்த வகுப்பில்தான்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பயப்படுகிறேன். நெகிழ்வு என்ற பெயரில் இந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு மெல்லிய புத்தகம் வந்துவிடக் கூடாது. வந்தால், தேவனாம்பட்டினம் மீனவக் கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு புத்தகம், நகரத்துப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் என்றாகி, பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு முதலாமவனுக்கு இல்லை என்று பதினான்கு வயதிலேயே தீர்ந்துவிடும். புத்தகமும் ஒன்றாக, போய்ச் சேரும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

எல்லா மாவட்டத்திலும் உடனே செய்யச் சொல்லவில்லை. கடலூரில் கடலோரத்தில் சில பள்ளிகள், பண்ருட்டி, காட்டுமன்னார்கோவில் பக்கம் சில பள்ளிகள் என்று எடுத்து, ஓர் ஆண்டு வரிசையையும் இடைத்தேர்வையும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டுப் பாருங்கள். அனுமதி எழுத்தில் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் பார்வைக்கு வரும் அதிகாரி கேட்கும்போது ஆசிரியர் தனியாக நிற்க நேரும். இதற்கென்று இன்னொரு செயலியில் பதிவேற்றும் வேலையும் வேண்டாம். பிள்ளை பள்ளி மாறினால் கூடவே போகும் ஒரு தாள் போதும். ஏப்ரலுக்குள் சொல்லிவிட்டால், ஒவ்வோர் அலகுக்கும் என்ன முன்தேவை என்ற பட்டியலை மே விடுமுறையிலேயே எழுதித் தர நானும் என்னோடு பணிபுரியும் ஆசிரியர்களும் தயார்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை,
கடலூர் மாவட்டம்