செயலாளரின் ஆண்டறிக்கை: வாங்கியது குறைவு, கழுவியது அதிகம்

நம் பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல வாசகசாலை மாடியில் நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. அவர்களுக்கே தெரியும்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இவ்வாண்டு மறைந்தார். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் நெடுங்காலம் மைக் செட் வாடகைக்கு விட்டவர். அம்மன் கொடை, கோயில் திருவிழா, சர்ச் திருநாள், கல்யாண வீடு என்று அவர் குழாய் கட்டாத தென்னைமரம் குமரி மாவட்டத்தில் இல்லை என்பார்கள். அவருடைய வீட்டார் இரண்டு பீரோ நிறைய இசைத்தட்டுகளைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். தமிழும் மலையாளமும் கலந்து கிடந்தன. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊரில் அது இயல்புதான். சந்தோஷமாகப் பிரிக்க உட்கார்ந்தோம். வெள்ளைப் பூஞ்சை, கறுத்த பிசுக்கு, ராமபாணப் பூச்சி அரித்த உறை. எடுத்தவுடன் பிளேயரில் வைக்கலாம் என்று ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே தலைவர் சொல்லிவிட்டார்: இனி இந்த ஆண்டு வாங்குவது போதும், இருப்பதைக் கழுவுவோம்.

முதல் வேலை, பழைய அரக்குத் தட்டையும் வினைல் என்னும் பிளாஸ்டிக் தட்டையும் பிரிப்பது. இதில் நிறையப் பேர் ஆண்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். 1948-இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி. வந்துவிட்டது, 1949-இல் 45 சுற்று ஓடும் சிறு தட்டான 45 வந்துவிட்டது, ஆகவே அறுபதுகளின் தட்டு என்றால் வினைல்தான் என்று கணக்கு. நம் நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. அறுபதுகளிலும் இங்கே 78 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு, அடித்துக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78-ஆக வெளிவந்திருக்கின்றன. லேபிளில் வேகத்தைப் பாருங்கள், கையில் எடையைப் பாருங்கள். அரக்குத் தட்டு கனமாக இருக்கும், வளையாது, விழுந்தால் உடையும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரவேலை செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் ஆடிக் கூட்டத்தில் இதைக் காட்டினார். ஏற்கெனவே உடைந்திருந்த ஒரு 78 துண்டின் மேல், பாலிஷுக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டை (அதுவும் ஆல்கஹால்தான்) பஞ்சில் நனைத்து இரண்டு முறை தேய்த்தார். பஞ்சு கறுத்தது. தேய்த்த இடத்தில் முள் ஓடும் பாட்டுக் கோடுகள் மழுங்கி, விரல் வைத்தால் ஒட்டியது. நாற்காலி பாலிஷுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பவருக்கு இதில் வியப்பில்லை. எங்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ஆகவே 78-க்கு டிஸ்டில்டு வாட்டர், அதில் வாசனை இல்லாத பாத்திர சோப்புத் திரவம் ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஊறப்போடக் கூடாது. துடைத்தவுடன் உலர்த்த வேண்டும். விரிசல் விட்ட தட்டில் தண்ணீரே படக் கூடாது.

வினைலுக்கு ஆல்கஹால் ஆகும், ஆனால் அளவாக. நாம் பயன்படுத்துவது நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டருக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதோடு அதே ஒரு சொட்டு சோப்பு. ஆல்கஹாலே வேண்டாம் என்பவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் தட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. பூஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் மட்டும் சேர்க்கலாம் என்பது என் கருத்து. கொரோனா காலத்தில் மிச்சமான சானிடைசரைச் சிலர் தட்டில் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் கிளிசரினும் வாசனையும் இருக்கும். கோட்டுக்குள் படலமாகப் படியும். வேண்டாம்.

தண்ணீர் விஷயத்திலும் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. முக்கடல் அணைத் தண்ணீர் குடிக்க நல்ல தண்ணீர்தான். ஆனால் எந்தக் குழாய்த் தண்ணீரானாலும் அதில் உப்புகள் கரைந்திருக்கும். காய்ந்தால் அவை கோட்டுக்குள்ளேயே தங்கிவிடும். போர்வெல் தண்ணீர் இன்னும் மோசம். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும். கேட்கும்போது தெளிவாகக் கேட்டு, கேனில் ஒட்டியிருப்பதைப் படித்து வாங்குங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் கேனில்தான் இருக்கும்.

துடைப்பது கோட்டின் போக்கிலேயே, வட்டமாக. குறுக்கே துடைத்தால் தூசியே உப்புத்தாள் வேலை செய்யும். ஈரத்தோடு தொடங்குவதற்கு முன் உலர்ந்த தூசியைக் கார்பன் இழைப் பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். லேபிள் நனையாமலிருக்க, இரண்டு பிளாஸ்டிக் டப்பா மூடிகளை ரப்பர் வாஷரோடு போல்ட் போட்டு இறுக்கி ஒரு காப்பு செய்தோம். கழுவியபின் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசு. அப்புறம் சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்த ஒரு எல்.பி. பப்படம்போல நெளிந்து வந்ததைப் பலரும் பார்த்தீர்கள். உரியவர் முன்வரிசையில் இருப்பதால் மேலே சொல்லவில்லை.

தேங்காய் எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைக் செட்காரர் தட்டுகளில் பாதியில் எண்ணெய் தேய்த்திருந்தது. ஒரு கூட்டத்தில்கூட ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, கொஞ்சம் எண்ண தேச்சா நல்லா மினுங்கும்லா?" மினுங்கும். கொடைப் பந்தலில் அடுத்த ஆள் பார்த்து மெச்சவும் செய்வார். ஆனால் அந்த எண்ணெய் பறக்கிற தூசியையெல்லாம் பிடித்து வைத்து, முள் ஓடும்போது கோட்டோடு சேர்த்து அரைக்கும். அந்தப் பிசுக்கை எடுக்கத்தான் நமக்கு அதிக நேரம் பிடித்தது. ஒரு 45-ஐ மூன்று சுற்று கழுவினோம். துணி ஒவ்வொரு முறையும் காப்பி வடிகட்டிய நிறத்தில் வந்தது. பிறகு வைத்தபோது, சரசரப்புக்கு அடியில் இருந்த தபேலா முதல்முறையாகத் தனியாகக் கேட்டது.

ஆனால் எல்லாம் அப்படி மீளவில்லை. முள்ளைத் தாங்கும் பழைய கனமான ஆர்ம், தேய்ந்த முள், இரவெல்லாம் ஒரே பாட்டு என்று ஓடிய தட்டில் கோட்டுச்சுவரே தேய்ந்திருக்கிறது. அங்கே உச்சத்தில் குரல் கிழியும். எந்தத் திரவமும் அதைச் சரிசெய்யாது. கழுவினால் அழுக்குதான் போகும், தேய்மானம் போகாது. அதனால் முள்ளையும் கவனிக்கச் சொல்கிறேன். நுனியில் பஞ்சு உருண்டை தொங்க ஓட்டிக்கொண்டே "தட்டு சரியில்லை" என்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னாக மட்டும் தட்ட வேண்டும். பக்கவாட்டில் தட்டினால் முள்தண்டு போய்விடும். எல்.பி. முள்ளால் 78-ஐ ஓட்ட வேண்டாம். அதன் கோடு அகலம். அதற்குத் தனி முள் இருக்கிறது.

தட்டின் மேல் ஃபெவிகால் பூசி, காய்ந்தபின் அழுக்கோடு உரித்தெடுக்கும் முறையையும் ஒருவர் செய்து காட்டினார். தடிமனாகப் பூசினால் ஒரே தோலாக உரிந்து வருகிறது, பார்க்க வேடிக்கையாகவும் இருக்கிறது. மெல்லியதாகப் பூசினால் துண்டு துண்டாகக் கோட்டில் மாட்டிக்கொள்ளும். 78-இல் இந்த விளையாட்டு கூடாது. வினைலிலும் வேறு வழியில்லாத தட்டுக்கு மட்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது.

கழுவிய தட்டைப் பழைய பூஞ்சைப் பிடித்த உள்ளுறையிலேயே திரும்பப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள்; படம் போட்ட வெளியுறையை மட்டும் காற்றாட உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். புதிய உள்ளுறை பாலித்தீனாக இருக்கட்டும், பி.வி.சி. நாளடைவில் வினைலோடு ஒட்டி மங்கலான கறை விடுகிறது. தட்டுகளை நிறுத்தியே வையுங்கள்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. குலசேகரம் பக்கத்து உறுப்பினருக்குப் பூஞ்சை, ஆரல்வாய்மொழிக்காரருக்குக் கணவாய்க் காற்றுத் தூசி, குளச்சல்காரருக்கு உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் பிளேயர். ஒரே அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. பூட்டிய இரும்பு பீரோ பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். சுவரை விட்டுத் தள்ளிவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து வையுங்கள்.

தபாலில் தட்டு வரவழைத்ததில் இரண்டு 78-கள் உடைந்து வந்தன. அனுப்பியவர் இருபுறமும் அட்டை வைக்கவில்லை. இனி நம் உறுப்பினர்கள் தங்களுக்குள் அனுப்பும்போதாவது, தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியே வைத்து, இருபக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டுங்கள். உள்ளே இருந்தால் ஆடி ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

கழுவிய தட்டிலிருந்து அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும் என்ற கோரிக்கை வந்திருக்கிறது. நமக்கு இப்போது அது தேவையில்லை என்று நினைக்கிறேன். தொட்டியில் தட்டை நிறுத்திக் கையால் சுழற்றும் எளிய கருவி போதும். பொதுக்குழு முடிவு செய்யட்டும். இரண்டாவது பீரோ இன்னும் பாதி கழுவப்படாமல் இருக்கிறது. தை மாதம் முதல் ஞாயிறுதோறும் காலையில் வேலை நடக்கும். வருகிறவர்கள் பழைய பனியன் துணி கொண்டுவர வேண்டாம், நூல் உதிர்கிறது. மைக்ரோஃபைபர் துணி சங்கத்தில் இருக்கிறது. சாயாவும் உண்டு.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்