சேப்பாக்கத்து மாலை வெளிச்சத்தில் பயிற்சி முகாம் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2026 ஐபிஎல் பருவத்துக்குத் தயாராவது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும் செய்திகளை ஒன்று விடாமல் வாசித்து வருகிறேன். எந்த வீரர் எந்த நாளில் சென்னைக்கு வருகிறார், தோனி இந்த ஆண்டு எத்தனையாவது இடத்தில் இறங்குவார் என்பவற்றுக்கெல்லாம் அந்தச் செய்திகளில் தாராளமாக இடம் கிடைக்கிறது. ஆனால் அணி எந்த மைதானத்தில், எந்த நேரத்தில், யாருடைய பந்துவீச்சை எதிர்கொண்டு பயிற்சி செய்யப் போகிறது என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கடந்த ஆண்டு நமக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு, மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ்நாடு கிரிக்கெட் சங்க லீக்கின் கீழ் டிவிஷன் ஒன்றில் பல ஆண்டுகள் ஆஃப் ஸ்பின் வீசினேன். கை ஓய்ந்த பிறகு அதே லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதினேன். சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் மைதானத்தில் விக்கெட் விழுந்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அந்தச் சத்தம் தொலைக்காட்சியை முந்திக்கொண்டு கேட்கும். கடந்த ஆண்டு அந்தச் சத்தம் எத்தனை முறை எழாமலே போயிற்று என்பதையும் அங்கே நின்றுதான் உணர்ந்தேன்.

2025 பருவத்தில் சென்னை அணி பதினான்கு ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்துக்குப் போனது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், எந்த அணிக்கும் ஒரு கெட்ட ஆண்டு வரும். சொந்த மண்ணில் தோற்ற விதத்தைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. மார்ச் 23 அன்று மும்பையை வென்றதோடு சரி. அதன் பிறகு சேப்பாக்கத்தில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தொடர்ந்து தோல்வி. 2008-க்குப் பிறகு இங்கே வெல்ல முடியாதிருந்த பெங்களூரு அணி 50 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2010-க்குப் பிறகு முதன்முறையாக டெல்லி வென்றது. இங்கே ஒருமுறைகூட வென்றிராத ஐதராபாத்தும் வென்றது. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவர்களில் 9 விக்கெட் இழப்புக்கு 103 ரன்கள் மட்டும் எடுத்தோம். அவர்கள் பத்து ஓவர்களைச் சற்றே கடந்ததும் ஆட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்று சுனில் நரைனும் வருண் சக்கரவர்த்தியும் வீசியதைப் பார்த்தவர்களுக்கு, நம் ஆடுகளத்தை நம்மைவிட விருந்தாளிகள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வராமல் இருந்திருக்காது.

இது வெறும் ரசிகனின் ஆற்றாமை அன்று. பெங்களூருவிடம் தோற்ற அன்றே, சேப்பாக்கத்தில் தங்களுக்குச் சொந்தக் களச் சாதகம் எதுவும் இல்லை என்றும், கடந்த சில ஆண்டுகளாக ஆடுகளத்தின் போக்கைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்றும் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் 2009 முதல் இந்த அணிக்குப் பயிற்சி அளித்துவரும் ஒருவர் அப்படிச் சொல்ல நேர்ந்தால், அடுத்த பருவத்துக்கான தயாரிப்பை அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

பழைய கதையை ஒரு காரணத்துக்காகத்தான் நினைவூட்டுகிறேன். 2011 மே 28 அன்று இதே மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் முரளி விஜய் 52 பந்துகளில் 95 ரன் குவித்தார். பின்னர் புதுப் பந்தை அஸ்வினிடம் கொடுத்தார்கள். பெங்களூரு அணியின் கிறிஸ் கெயில் முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் வெளியேறினார். 58 ரன் வித்தியாசத்தில் கோப்பை நம்முடையதாயிற்று. அந்த இருவரும் சென்னை லீக்கில் ஆடி வளர்ந்தவர்கள். பந்து எந்த அளவுக்கு நின்று வரும், எந்த முனையிலிருந்து வீசினால் கடற்காற்று கைகொடுக்கும், பழைய பந்து எப்போது பிடிக்கத் தொடங்கும் என்பவை அவர்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவை அல்ல. வெயிலில் காய்ந்து தாமாகக் கற்றவை.

இப்போது நிலைமை எப்படி இருக்கிறது? கடந்த ஆண்டு ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நவம்பரில் நடந்த வீரர் பரிமாற்றத்தில் சஞ்சு சாம்சனைப் பெறுவதற்காக ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குக் கொடுக்கப்பட்டார்கள். அந்த முடிவு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் போக விரும்பவில்லை. 2012 முதல் இங்கே வீசிவந்த ஜடேஜாவும், இங்கேயே பிறந்து வளர்ந்த அஸ்வினும் ஒரே பருவ இடைவெளியில் போய்விட்டதால், சேப்பாக்கத்து மண்ணைக் கையால் அறிந்த சுழற்பந்து வீச்சாளர் என்று சொல்ல அணியில் இன்று எவரும் இல்லை என்பதே என் கவலை. நூர் அகமது கடந்த ஆண்டு 24 விக்கெட் வீழ்த்தியவர்; அவருடைய திறமையில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அவருக்கும் இந்த அணியோடு ஒரு பருவ அனுபவம்தான்.

டிசம்பர் ஏலத்தில் உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீரையும் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மாவையும் தலா 14.20 கோடி ரூபாய்க்கு அணி எடுத்தது. இந்திய அணிக்கு இன்னும் ஆடாத வீரர்களுக்கு ஐபிஎல் ஏலத்தில் இவ்வளவு பெரிய தொகை இதற்கு முன் கொடுக்கப்பட்டதில்லை. இருவரும் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். இடக்கை சுழற்பந்தும் அதிரடி மட்டையும் கொண்ட பிரசாந்த் வீரை ஜடேஜாவின் இடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்பது சொல்லாமலே விளங்குகிறது. பல்லாயிரம் பேர் மஞ்சள் சட்டையில் கூவும் ஒரு மாலையில்தான் அந்தப் பையன் சேப்பாக்கத்து ஆடுகளத்தின் குணத்தை முதன்முதலாகக் கண்டறிய வேண்டும் என்றால் அது அவருக்குச் செய்யும் அநீதி.

அணி பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரில் தனக்கென உயர்தரப் பயிற்சி மையம் வைத்திருக்கிறது. அங்குள்ள வசதிகளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. உடற்தகுதிக்கும் மட்டைவீச்சு நுட்பத்துக்கும் அது ஏற்ற இடமாகவே இருக்கும். ஆனால் எவ்வளவு நல்ல பயிற்சி வலைகள் அமைத்தாலும், வாலாஜா சாலையில் கடலுக்கு இவ்வளவு அருகே இருக்கும் ஒரு மைதானத்தின் மாலை நேரத்தை வேறு இடத்தில் உண்டாக்க முடியாது. பிற்பகலில் உலர்ந்து கிடக்கும் பந்து, விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கையில் வழுக்கும். சில நாள் பனி விழும், சில நாள் விழாது. விழுந்த நாளில் சுழற்பந்து வீச்சாளர் விரல்களின் பிடியையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். காலை பத்து மணிக்கு வேறொரு தளத்தில் ஆயிரம் பந்து வீசினாலும் இது பழகாது.

இந்த ஆண்டு காலம் வேறு குறைவு. டி20 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் மார்ச் 8 அன்று. ஐபிஎல் அதே மாதக் கடைசியில் தொடங்கிவிடும். சாம்சன், ஷிவம் துபே, டிவால்ட் பிரெவிஸ், நூர் அகமது, மேட் ஹென்றி, அகீல் ஹொசைன் என்று அணியின் முக்கியமானவர்கள் பலர் தத்தம் நாடுகளுக்காக அந்தப் போட்டியில் ஆடுகிறவர்கள்; களைப்போடுதான் வந்து சேர்வார்கள். உலகக் கோப்பைக் களங்களில் சேப்பாக்கமும் ஒன்று என்பதால் மைதானத்துக்கும் சிறிது ஓய்வு தேவைப்படும் என்பதை அறிவேன். ஆடுகளத்தைப் பராமரிப்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியாததன்று. ஆட்டத்துக்கான மையத் தளங்களைத் தொடும்படி நான் கேட்கவில்லை. உலகக் கோப்பை முடிந்தபின் கிடைக்கும் நாட்களில், மைதானத்தின் பயிற்சித் தளங்களிலேனும், ஆட்டம் நடக்கும் அதே மாலை நேரத்தில், விளக்கொளியில் பயிற்சி நடக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். உலகக் கோப்பைக்குப் போகாத ருதுராஜ் கெய்க்வாட், ஆயுஷ் மாத்ரே, உர்வில் படேல், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ராகுல் சாஹர் ஆகியோருக்கு இது முழுமையாகப் பயன்படும். கடந்த ஆண்டு முழங்கைக் காயத்தால் பாதியில் விலகிய அணித் தலைவர் ருதுராஜுக்கு இன்னும் கூடுதலாக.

வலைப்பயிற்சியில் அணியின் மட்டையாளர்களுக்குப் பந்து வீச வெளியிலிருந்து அழைக்கப்படும் பந்துவீச்சாளர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். உண்மையில் இதைச் சொல்வதற்காகவே பேனாவை எடுத்தேன். இப்போதைய அணிப் பட்டியலில் தமிழ்நாட்டு மாநில அணிக்கு ஆடுகிறவர் என்று வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங்கைத்தான் சுட்டிக்காட்ட முடிகிறது. ஏலம் என்பது பணமும் தேவையும் சேர்ந்து நடத்தும் கணக்கு. உள்ளூர்க்காரர் என்பதற்காக மட்டும் ஒருவரை எடுக்கச் சொல்வது முறையாகாது. ஆனால் கண்ணெதிரே இருந்தவர்களைக் கவனிக்கத் தவறியதன் விலையை நாம் கொடுத்தே வருகிறோம். சாய் கிஷோர் 2020, 2021 பருவங்களில் நம் அணியில் இருந்தும் ஒரே ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. பிறகு குஜராத்துக்குப் போய் 2025-ல் 19 விக்கெட் எடுத்தார். நம் வலைப்பயிற்சியில் பந்து வீசிய வருண் சக்கரவர்த்தியைத்தான் இப்போது கொல்கத்தா சட்டையில் எதிர்கொள்கிறோம். சென்னைப் பையன் சாய் சுதர்சன் 2023 இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராக 47 பந்துகளில் 96 ரன் அடித்தார். 2025-ல் 759 ரன்களோடு அந்தப் பருவத்தின் அதிக ரன் குவித்தவரானார். அந்த 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா காப்பாற்றியதால் சுதர்சனின் அந்த ஆட்டம் நமக்கு வலிக்காமல் போயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே முகாமுக்கு வலையில் பந்து வீசுபவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சென்னை லீக்கின் முதல் டிவிஷனோடு நின்றுவிடாமல், கீழ் டிவிஷன்களையும் மாவட்ட லீக்குகளையும் பார்க்க வேண்டும். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிப் பழகிய நடராஜன் இந்தியாவுக்கு ஆடினார். கட்டடக்கலை படித்துவிட்டு வேலையும் பார்த்த வருண், டென்னிஸ் பந்தில் விரல் வித்தைகளைப் பழகித்தான் இவ்வளவு தூரம் வந்தார். இப்படிப்பட்டவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். தேடிப் போனால்தான் கிடைப்பார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநில அணியின் பயிற்சியில் பந்து வீச என்னை ஒருமுறை அழைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் வீசினேன். என் பெயரைக்கூட எவரும் கேட்கவில்லை. அந்த நாளைக் குறையாகச் சொல்லவில்லை, அன்று வழக்கம் அப்படி. ஆனால் இன்று வீசப்படும் ஒவ்வொரு பந்தையும் படம்பிடித்து அலசும் வசதி அணியிடம் இருக்கும்போது, பிரெவிஸையோ துபேயையோ வலையில் திணற அடிக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் பெயர் யாருடைய குறிப்பேட்டிலாவது ஏறியே ஆக வேண்டும். உதவிப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருக்கும் ஸ்ரீதரன் ஸ்ரீராம் சென்னை லீக்கை உள்ளும் புறமும் அறிந்தவர். இந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தால் நல்ல பலன் கிடைக்கும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. 2019-ல் பருவம் தொடங்குமுன் அணி தனக்குள் ஆடிய பயிற்சி ஆட்டத்தைப் பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் சேப்பாக்கத்துக்குத் திரண்டார்கள். 2020 மார்ச்சில் முகாம் தொடங்கியபோதும் கூட்டம் வந்தது. பிறகு கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஐபிஎல் நுழைவுச் சீட்டு இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. மாலைப் பயிற்சிகளில் இரண்டை மட்டுமாவது மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கும் மகளிர் கிரிக்கெட் பயிலும் பெண் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றித் திறந்துவிடலாம். வலையில் ஓர் இடக்கை சுழற்பந்து வீச்சாளர் ஈரப் பந்தை எப்படித் துடைத்துப் பிடிக்கிறார் என்பதை இருபது அடி தூரத்தில் நின்று பார்க்கும் ஒரு குழந்தை அதை மறக்காது.

முகாமின் நாட்களும் நேரமும் முடிவாகும் முன்பே இதை அணி நிர்வாகமும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் கவனத்தில் கொள்ளும் வகையில் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். தங்கள் விளையாட்டுச் செய்தியாளர் முகாமுக்குச் செல்லும்போது, இந்த ஆண்டு வலையில் பந்து வீச அழைக்கப்பட்டவர்கள் யார் யார், எந்த ஊர், எந்த கிளப் என்று கேட்டு அந்தப் பெயர்களையும் அச்சிட்டால் மிகவும் மகிழ்வேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை