திண்டிவனம் ரோட்டில் உதவிய அண்ணனுக்கு நன்றி

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் தாண்டியதும் என் பழைய 100 சிசி வண்டியின் கார்புரேட்டரிலிருந்து (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பெட்ரோல் ஒழுக ஆரம்பித்தது, சொட்டுச் சொட்டாக இல்லை, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கொட்டியே கொட்டியது, நான் என்னடாவென்றால் கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தேன். இளநீர் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் ஓடிவந்து முதலில் பெட்ரோல் டேப்பை மூடினீர்கள். "உதைக்காதே தம்பி, எஞ்சினுக்குள்ளேயும் இறங்கியிருக்கும்." ஸ்க்ரூடிரைவர் பிடியால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இரண்டு தட்டு, நிற்கவில்லை. அப்புறம் கிண்ணத்தைக் கழற்றி, மிதவையோடு இருந்த, பெட்ரோல் வரும் துளையை மூடித் திறக்கும் ஊசியை எடுத்துக் காட்டினீர்கள்: நுனியில் கடுகில் பாதி அளவு துரு, டேங்கிலிருந்து வந்தது. அதைத் துடைத்து, ஊசி உட்காரும் துளையைச் சுத்தம் செய்து மாட்டியதும் சரி, ஒழுகல் நின்றது.

காசும் வாங்கவில்லை, பெயரைக் கேட்கவும் மறந்துவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரியே ஊசி, ஃபில்டர், ஆயில் மூன்றையும் மாற்றிவிட்டேன்.